பாதி அழிந்த பலகை

சனிக்கிழமை, காலை எட்டு மணி. முதுகலைப் பொருளாதார வகுப்புக்குள் நுழைந்த பேராசிரியர் வாசலிலேயே நின்றுவிட்டார். முந்தின மாலை கரும்பலகை நிறைய அவர் எழுதிவைத்த கணக்கில் பாதியைக் காணவில்லை. மேலே மூன்று சமன்பாடுகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே பலகை சுத்தமாக இருந்தது.

பத்து மணிக்குப் பல்கலைக்கழகக் குழு வருகிறது. ஓய்வு வயதைத் தொட்டுவிட்ட அவருக்குப் பணி நீட்டிப்பு கொடுக்கலாமா என்று வகுப்பில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். இந்தக் கணக்கைத்தான் அவர்கள் முன் முடித்துக் காட்டுவதாக இருந்தார்.

துறைத்தலைவருக்கு விசாரணை தேவைப்படவில்லை. சாவி பெருக்குகிற ஆயாம்மாவிடம் இருந்தது. "பலகையைத் தொடாதீங்கன்னு சொல்லியும் தொட்டுட்டீங்க. மத்தியானத்தோட வேலையை விட்டு நின்னுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி பெஞ்சில் இருந்த ஏட்டு எழுந்தார். பகலில் காவல் நிலையம், மாலையில் பொருளாதாரம் என்று நாற்பது வயதுக்குமேல் படிக்க வந்தவர் அவர். வகுப்பில் எல்லோருக்கும் ஏட்டையா. பின்னாளில் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் அடிக்கடி நினைத்துக்கொண்டது பிடித்த திருடர்களை அல்ல. அந்த வகுப்பின் சாக்பீஸ் மணத்தையும், ஒரே பாடப்புத்தகத்தை மூன்று தலைகள் முட்டிக்கொண்டு படித்ததையும், இந்தச் சனிக்கிழமையையும்தான்.

ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என்ன பண்ணீங்க ஆயாம்மா?"

"கதவைத் திறந்துட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன். குழாயடியில ஒரே கூட்டம். வந்து பெருக்கினேன். பலகையை நிமிர்ந்துகூடப் பாக்கலை."

"அதுவரைக்கும் கதவு?"

"திறந்துதான் கிடந்துச்சு. எவன் வந்து படிப்பைத் தூக்கிட்டுப் போகப் போறான்?"

"ஈரத்துணி போட்டீங்களா?"

"ஐயையோ! பலகையில ஈரம் பட்டா சார் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரே. என்னிக்கும் டஸ்டர்தான்."

ஏட்டு பலகையருகே போய்ப் பார்த்தார். ஈரத்துணி வட்டமாகச் சுழன்று காய்ந்த தடம் தெரிந்தது. ஓர் எழுத்துகூட மிஞ்சாமல் பார்த்துப் பார்த்துத் துடைத்திருந்தார்கள். ஆனால் மூன்றாவது சமன்பாட்டில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

அவரைத் தவிர அதுவரை வந்திருந்த மாணவர்கள் மூன்று பேர்தான். மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"சிஸ்டர், மூணாவது சமன்பாட்டுக்கு அப்புறம் என்ன?"

மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் யோசித்தாள். "வருமானத்தோட வரியைக் கூட்டணும். வர்றதுதான் குடும்பம் செலவு பண்ற தொகைன்னு சார் எழுதினார்."

"பேங்க்காரரே, நீங்க?"

"அதேதான். கூட்டணும். எழுதிக்கிட்டேன் ஏட்டையா, புரியணும்னு கட்டாயமா என்ன?"

"தம்பி, நீங்க?"

எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குவதால் 'மெடல்' என்று பெயர் வாங்கியவன் அவன்.

"வரியைக் கழிக்கணும்" என்றான் சட்டென்று. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஏட்டு தன் சம்பளத்தை நினைத்துப் பார்த்தார். வரி பிடித்ததுபோக மிச்சம்தான் வீட்டுக்கு வருகிறது. கூட்டிக்கொடுத்த அரசாங்கம் எங்கே இருக்கிறது?

மெடலின் தோளில் கைபோட்டு வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"சார் தப்பா எழுதிட்டார், இல்ல?"

அவன் கண்கள் நிரம்பிவிட்டன. "டைபாய்டுல நான் கிடந்தப்போ தினமும் என் ரூமுக்கே வந்து பாடம் சொன்னவர் ஏட்டையா. அவரைப் பாத்து 'நீங்க எழுதினது தப்பு'ன்னு சொல்ல எனக்கு நாக்கு எழலை. குழு முன்னால தலை குனிஞ்சு நிப்பாரேன்னு..."

"ஆயாம்மா?"

"அவங்களைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா நினைக்கலை. உண்மையைச் சொன்னா சார் மானம் போகும்."

"சொல்லலைன்னா அந்தம்மா வீட்டு அடுப்பு அணையும். வாங்க, நானும் கூட வரேன்."

ஒன்பதரை மணிக்குப் பேராசிரியர் அறையில், துறைத்தலைவரும் இருக்க, ஏட்டு சொன்னார்: "அழிச்சது இந்தத் தம்பி சார். எல்லாரும் என்ன அழிஞ்சதுன்னு பாத்தாங்க. எங்கேயிருந்து அழிஞ்சதுன்னு பாக்கலை. சுத்தம் பண்றவங்க ஓரத்துலேருந்து துடைப்பாங்க. இவர் தப்பு ஆரம்பிச்ச இடத்துலேருந்து துடைச்சிருக்கார். காலையில வந்தவங்கள்ல அந்த இடம் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். சார் மேல பகை இருந்தா அழிச்சிருக்க மாட்டார். அப்படியே விட்டிருப்பார்."

பேராசிரியர் மூன்றாவது சமன்பாட்டுக்கு அடுத்த வரியை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்.

"வரியைக் கூட்டிட்டேனா?"

"ஆமா சார்."

"முப்பது பேரும் சந்தோஷமா எழுதிக்கிட்டீங்களேடா!" என்று சிரித்தார். பிறகு மெடலின் பக்கம் திரும்பினார். "இனிமே என் தப்பைத் துடைக்காதே. எழுந்து நின்னு சொல்லு. அதுதான் எனக்கு மரியாதை."

அவர் முதலில் போனது குழுவிடம் அல்ல, ஆயாம்மாவிடம். துறைத்தலைவரையும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் மன்னிப்புக் கேட்டு, வேலையில் நீடிக்கச் சொன்னார்கள்.

பத்து மணிக்குக் குழுவின் முன்னால் அந்தத் தவறான சமன்பாட்டைத் தானே மறுபடி எழுதினார். "இது நேத்து நான் பண்ணின தப்பு" என்று சொல்லிவிட்டு அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். ஏட்டையாவுக்கே புரிந்த ஒரே பாடம் அதுதான்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதற்காக அவர் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. பிறர் கண்ணீரைத் துடைத்தவருக்குக் கடவுள் வைத்திருக்கும் பதவிக்கு ஓய்வு வயது கிடையாது என்று ஏட்டு நம்பினார்.

அன்று பேராசிரியர் ஆயாம்மாவையும் முதல் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார். கூச்சத்தோடு உட்கார்ந்தவள், தேசிய வருமானக் கணக்கு பலகையில் பாதி ஏறுவதற்குள் நன்றாகத் தூங்கிப்போனாள். பேராசிரியர் குரலைத் தணித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.