கோடுதீட்டி திருத்திய மலை

அன்று காலையும் மேல்குன்று மக்கள் பல் துலக்கும் முன்னே கோட்டுப்படத்தைத்தான் பார்த்தார்கள். அளவைப் பறவைகள் என்ற குட்டிப் பறக்கும் கருவிகள் விடியலில் மலையின் உயரத்தை அடிக்கு அடி அளந்து வரும். கோடுதீட்டி என்ற மென்பொருள் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துப் படமாக்கும். கோடுகள் நேற்றுபோல் இருந்தால் மலை அசையவில்லை, நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்.

அந்த மென்பொருளைத் தேடிப் பிடித்தவள் மலைக்காப்பு அலுவலகத்து ஜெசிந்தா. முன்பிருந்த மென்பொருள் கன்னாபின்னாவென்று கிறுக்கும். ஒவ்வொரு கிறுக்கலுக்கும் ஊரே வீட்டைக் காலி செய்துவிட்டு அசடு வழியத் திரும்பும். அலுத்துப்போய் ஒன்பது மென்பொருள்களைச் சோதித்து, வழவழவென்று வரைந்த இதைத் தேர்ந்தெடுத்தாள். கிறுக்கலை எப்படித் துடைப்பது என்று இரண்டு வருடம் அதற்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

பத்து மணிக்கு, ஆண்டறிக்கைக்காகப் பறவைகளின் மூல எண்களைத் திறந்தவள் அவற்றை இரண்டு முறை சரிபார்த்தாள். கிழக்குச் சரிவு மூன்று நாளில் நாலடி இறங்கியிருந்தது. கோடுதீட்டியோ அதைப் பிழை என்று தள்ளிவிட்டுப் பழைய உயரத்தையே வரைந்திருந்தது. அபாயச் சங்கை அழுத்தினாள். அது ஊதவில்லை; கோடுதீட்டி ஒப்புக்கொண்டால்தான் ஊதும். அந்தச் சரிவில் இருந்த பதினேழு வீடுகளில் அவள் வீடும் ஒன்று.

கணவன் லூர்துவை அழைத்தாள்.

“பாப்பாவைத் தூக்கிட்டு வெளியே ஓடுங்க! மலை இறங்குது!”

“படத்துல ஒண்ணுமில்லையே ஜெசி?”

காகிதத்தில் உண்மையான கோடுகளைக் கோணல்மாணலாக வரைந்து, படமெடுத்து அனுப்பினாள்.

“பாத்தேன். எப்பவும்போல அழகாத்தானே இருக்கு?”

வழியிலேயே கோடுதீட்டி அதையும் திருத்திவிட்டது. ஊரில் எல்லாக் கைப்பேசியிலும் அதை ஏற்றச் சொன்னது அவள்தானே.

“அடுப்படித் தரையில ஒரு எலுமிச்சம்பழத்தை வைங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

அவன் அடுப்படிக்குப் போகும் சத்தம் கேட்டது.

“ஐயோ... உருண்டு வாசல் வரைக்கும் போயிடுச்சு ஜெசி!”

ஓடும் காலடிகள் கேட்டன. குழந்தை வீறிட்டது. லூர்து கதவு கதவாகத் தட்டிக் கத்தினான். பக்கத்து வீட்டுக்காரரின் நிதானமான குரலும் கேட்டது.

“பதறாதப்பா. இது உன் வீட்டம்மா ஆபீஸ் படம்தானே? அவங்க படம் என்னைக்குத் தப்பாயிருக்கு?”

பிறகு மலை உறுமியது. வெகுநேரம் கழித்து லூர்து மூச்சிரைக்கப் பேசினான்.

“பள்ளிக்கூட மைதானத்துல இருக்கோம். பாப்பா நல்லாருக்கா. எங்க பின்னால யாருமே வரலை ஜெசி.”

மறுநாள் விடியலில் பறவைகள் மறுபடி அளந்து வந்தன. ஜெசிந்தாவின் திரையில் புதிய படம் விரிந்தது. கிழக்குச் சரிவின் கோடுகள் நேற்றுபோலவே வழவழவென்று இருந்தன. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது: ‘பதினேழு வீடுகளின் உயரப் பிழை திருத்தப்பட்டது.’