நிழல்ல விடுங்க

காரின் முகப்பில் பழுத்த வேப்பம்பழம் ஒன்று நசுங்கிக் கிடந்தது. பத்மநாபன் அண்ணாந்து பார்த்தார். மௌலா அலி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மைதானத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மரமே கிடையாது. காக்கை போட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். ஜூன் மாத வெயிலில் மத்தியானம் முழுக்க நின்ற வண்டி. ஆனால் பக்கத்து சீட்டு மட்டும் ஜில்லென்று இருந்தது.

பழைய வண்டியில் அந்தப் பக்கம்தான் அவர் மனைவி ஜலஜா உட்காருவாள். சுடுகிற சீட்டு அவளுக்கு ஆகாது. எங்கே போனாலும், "என்னங்க, நிழல்ல விடுங்க" என்பாள். போன வருஷமும் காலனி வேப்பமரத்தடியில்தான் விட்டார். அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். திடீரென்று காற்று கிளம்பியது. திரும்பி வந்தபோது கிளை கூரையைப் பிளந்து சீட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. மரத்தை வெட்டிவிட்டார்கள். அவர் மனசு மட்டும் ஆறவே இல்லை.

புது வண்டி வாங்கியது மகள் ஹர்ஷிதாவின் பிடிவாதத்தால். அன்றிலிருந்து அதை நிறுத்த இடம் தேடுவதே அவருக்கு வேலை. மரம் கூடாது, விளம்பரப் பலகை கூடாது, பழைய சுவர் கூடாது, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் கூடாது. காலனிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் எங்கே விட்டாலும் வேப்பம்பழத்தின் அந்தக் கசந்த இனிப்பு வாடை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கூரைமேல் இலைகள் உரசுகிற மாதிரி சத்தம் கேட்கும், இறங்கிப் பார்த்தால் வெறும் வெயில்தான் இருக்கும்.

கடைசியில் உப்பல் தாண்டி ஒரு பாறைவெளி கிடைத்தது. புல்கூட முளைக்காத கருங்கல். வண்டியை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு ஆட்டோவில் போகவேண்டும். போனார். மறுநாள் வந்து சீட்டைத் தொட்டபோது கை சுட்டுவிட்டது. சந்தோஷத்தில் அங்கேயே அழுதார்.

ஜலஜாவின் முதல் திதிக்காக வாரங்கலிலிருந்து பஸ்ஸில் வந்தாள் ஹர்ஷிதா. அழைத்துவரும் வழியில் படத்துக்கு மாலை வாங்க, அந்தப் பாறைமேல் வண்டியை நிறுத்தினார். அவளையும் இறங்கி வரச் சொன்னார்.

"பர்வாலேது அப்பா. நீங்க போங்க, நான் கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்."

உலகத்திலேயே பத்திரமான இடம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சாலையைக் கடந்து பூக்கடைக்குப் போனார். மல்லிகை வாசனைக்கு நடுவே வேப்பம்பழ வாடை மெல்ல எழுந்து வந்தது. போன் அடித்தது.

"அப்பா, நல்லவேளை நிழல்ல விட்டீங்க. குளுகுளுன்னு இருக்கு."

திரும்பினார்.

பாறை முழுக்க வெயில். காரின் மேல் மட்டும் நிழல். கிளைகளோடு, இலைகளோடு அசைகிற நிழல். மேலே ஆகாயம்தான் இருந்தது.

"இறங்கும்மா. உடனே இறங்கு."

மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஹர்ஷிதா பக்கத்து சீட்டில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. அவருக்குத் தெரிந்த கை.

பிள்ளைக்கு வேர்க்கிறது. அது மட்டும்தான் ஜலஜாவுக்குத் தெரிகிறது. கிளை தெரியவில்லை. அன்றைக்கும் தெரிந்திருக்காது.

"நிழல் வேண்டாம், ஜலஜா. பிள்ளைக்கு நிழல் வேண்டாம்."

காற்றே இல்லை. எங்கோ உயரத்தில் மளுக்கென்று ஒரு சத்தம். கார்மேல் விழுந்திருந்த நிழலில் ஒரு கிளை மட்டும் தனியாகத் தொங்கியது. பக்கத்து சீட்டுக்கு நேர் மேலே, காரின் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கத் தொடங்கியது.