ஒன்பது ஊசி போர்ட்டை மூடியது யார்?

ரிப்பேர்க்காரர் ஒடார்ட்டே தன் மேசையில் சோளமாவுக் கெங்கேயைப் பிட்டு மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு அயோர்க்கோர் அம்மாள் வந்து நின்றாள். டெஷி ஊரில் பூவேலைத் தையல் என்றால் அவள் கடைதான். ஹோமோவோ பண்டிகைக்கு ஒரு பெரிய குடும்பத்தின் சட்டைகள் முழுவதையும் அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"லேப்டாப்புலேருந்து மெஷினுக்கு டிசைன் போக மாட்டேங்குது அண்ணே. போர்ட்டு மூடியிருக்குன்னு வருது, எவனோ மூடிட்டான். எவன்னும் எனக்குத் தெரியும்."

"யாரு யாரு?" என்று எழுந்தே விட்டாள் அட்வோவா. பக்கத்து மேசையில் போன் உறை விற்கும் அவளுக்கு, ஒடார்ட்டேயிடம் வரும் ஒவ்வொரு ரிப்பேரும் கொலைக் கேஸ்தான்.

"செலோர்ம். ஆறு வருஷமா என் மெஷினை ஓட்டுறவன். எதிர்க்கடைக்காரி ஆசை காட்டியிருக்கா. போறதுக்கு முன்னாடி கையை வச்சிட்டான். போர்ட்டைத் தொட்டியான்னு கேட்டா, தொடலைன்னு பைபிள் மேல அடிச்சு சத்தியம் பண்றான். இன்னிக்குச் சாயங்காலத்தோட வெளியே போன்னு சொல்லிட்டேன்."

"கடையில வேற யாரு இருப்பா?" ஒடார்ட்டே நிதானமாகக் கை கழுவினார்.

"சோவா மாமா. காது ரெண்டும் மந்தம், பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்பமாட்டாரு. சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. திங்கக்கிழமை நான் துணி வாங்க மகோலா சந்தைக்குப் போயிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்து பாத்தா இப்படி."

ஒடார்ட்டே பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையில் எழுத்து வந்தது.

"அட்வோவா, என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கலையே."

"ம்."

லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டு, ஒரு விசையை அழுத்திப் பிடித்து, அடிப்படை அமைப்புகளை மாற்றும் நீலத் திரைக்குள் நுழைந்தார். அந்த லேப்டாப்பை ஆறு வருடத்துக்கு முன் அவர்தான் விற்றார். தையல் மெஷினின் கேபிள் மாட்டுகிற ஒன்பது ஊசி போர்ட்டை அவரே திறந்துவைத்தார். இப்போது அந்த வரியில் 'மூடியது' என்று இருந்தது.

"உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்திருக்கும். அதான் எல்லாத்தையும் மறந்துபோச்சு" என்று அட்வோவா முந்திக்கொண்டாள்.

"செத்திருந்தா கடிகாரமும் மறந்திருக்கணும். நேரம் பாரு, நிமிஷம் பிசகலை." அவர் வரிவரியாகக் கீழே இறங்கினார். கடைசிப் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "வாங்க, கடைக்குப் போவோம்."

தெரு வெறிச்சென்றிருந்தது. பண்டிகைத் தினை விதைத்தாயிற்று, திங்கட்கிழமையிலிருந்து ஊரில் பறை இல்லை, சர்ச்சில்கூடக் கை தட்டவில்லை. முப்பது நாளைக்குத் தெய்வங்களின் காதில் ஆட்டம்பாட்டம் விழக்கூடாது. மீறினால் ஓர் ஆடும் சாராயமும் தண்டம், அதைவிடப் பெரிய தண்டம் ஊர்வாய்.

கடையில் சோவா மாமா நாற்காலியில் இருந்தார். செலோர்ம், நாற்பது வயதுக்காரன், தன் கத்தரிக்கோல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அட்வோவாவுக்கே பாவமாக இருந்தது.

"போர்ட்டைக் கெடுக்க வந்தவன் ஒரு வரியைத்தான் தொடுவான்" என்று தொடங்கினார் ஒடார்ட்டே. "இங்க நான் மாத்தி வச்ச எல்லா வரியும் கம்பெனியில செஞ்சப்போ இருந்த மாதிரி திரும்பிடுச்சு. உள்ளே போய் வழி தெரியாம முழிச்ச ஒருத்தர், 'எல்லாத்தையும் பழையபடி ஆக்கு'ங்கிற விசையை அழுத்தியிருக்காரு. போர்ட்டு அதோட சேந்து மூடிக்கிச்சு. அவருக்கே தெரியாது."

"அப்போ எதுக்கு உள்ளே போனாரு?" என்றாள் அட்வோவா.

"கம்பெனி வச்சதுக்கு மாறா ஒரே ஒரு வரி இருக்கு. சத்தம். இந்த லேப்டாப்பு எழும்பும்போது விசில் அடிக்கும், மூணு வீட்டுக்குக் கேக்கும். இப்ப ஊமை. யாருக்கு அது வேணும்? மாமாவுக்கு எந்த விசிலும் கேக்காது. அம்மா திங்கக்கிழமை ஊர்லயே இல்லை."

எல்லாரும் செலோர்மைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றான் அவன். "போர்ட்டை நான் தொடலை மேடம், சத்தியமா. சத்தத்தை மட்டும்தான் நிறுத்தினேன். திங்கக்கிழமை பூசாரி வீட்டு ஆள் வந்தாரு. 'தையல் சத்தம் பரவாயில்ல, இந்த விசில் இன்னொரு தடவை கேட்டா உங்க கடையம்மாவை ஊர்ச் சபைக்குக் கூப்பிடுவோம்'னாரு. சொன்னா நீங்க பயந்துடுவீங்க. பண்டிகை வேலை வேற. அதான் நானே..."

"எதிர்க்கடைக்காரி?" என்றாள் அயோர்க்கோர் அம்மாள்.

"கூப்பிட்டது நெசம். வரலைன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

நடந்ததை அட்வோவா மாமாவின் காதில் கத்தாமல் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் தலையை ஆட்டினார். "வோல்ட்டாப் பக்கத்துலேருந்து பிழைக்க வந்தவன் நம்ம சாமிக்குப் பயப்படுறான். நான் இங்கேயே பொறந்தவன், எனக்கு அந்த நெனப்பே வரலை பாரு."

"சாமிக்குப் பயந்து இல்ல பெரியப்பா" என்றான் செலோர்ம் அவர் காதருகே குனிந்து. "மேடம் பேருக்குப் பயந்து."

ஒடார்ட்டே போர்ட்டைத் திறந்தார். விசிலை ஊமையாகவே விட்டார். கேபிள் மாட்டியதும் டிசைன் போயிற்று, பின்னறையில் ஊசி தடதடவென்று இறங்க ஆரம்பித்தது. அட்வோவாவுக்குக் கொலை கிடைக்கவில்லை என்றாலும் முகமெல்லாம் பல்.

அயோர்க்கோர் அம்மாளுக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. அவன் பையிலிருந்து கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் செலோர்ம். ஆறு வருஷமா கூட இருந்தும் உன்னை வெளியாளாத்தான் நெனச்சிருக்கேன்." கடைசிக் கத்தரிக்கோலையும் வைத்தாள். "ஹோமோவோ அன்னிக்கு எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் ஒரே சட்டியில கை வச்சு சாப்பிடுவோம். நீயும் வரணும். பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வா."

செலோர்ம் பின்னறை மெஷினுக்குப் போய் அடுத்த ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தான். மூன்று தடவை தவறியது.