கேமராப் பையில் ஓடைக்கல்

1987, மார்ச் முதல் தேதி, ஞாயிறு. மாலை 4.50.

அம்பர்நாத் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சபுரா கேமராப் பையைத் திறந்தாள். உள்ளே கேமரா இல்லை. வழவழவென்று ஒரு ஓடைக்கல் இருந்தது.

செம்பூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவள் அவள். கேமரா முதலாளியுடையது. நாளைக் காலை கடை திறக்கும்போது கேமரா இல்லையென்றால் வேலையும் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"நான் என்ன செய்வேன் மாமா?" என்றாள்.

மாமா என்றது ஜெயினுலாப்தீனை. தாராவியில் அலுமினியப் பாத்திரக் கடைக்காரர். இந்த ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். மலையேறினால் மூச்சு வாங்கும், ஆனால் கண் மட்டும் ஓயாது. எந்தச் சட்டிக்கு எந்த மூடி என்று முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண் அது.

"போலீசுக்குச் சொல்லிடலாம். எல்லார் பையையும் திறந்து காட்டச் சொல்லுங்க" என்றார் மாட்டுங்கா கோமதிநாயகம். ஆபீஸ்காரர், எதற்கும் கம்ப்ளைண்ட் எழுதத் தயாராக இருப்பவர்.

"ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கு. அதுவரை பொறுங்க" என்றார் ஜெயினுலாப்தீன்.

கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தார். அடியில் பாசி, இன்னும் ஈரம் காயவில்லை. அப்படியென்றால் ஓடைக்கரையில்தான் மாற்றியிருக்க வேண்டும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, இலையெல்லாம் உதிர்ந்து பூவாய் நின்ற பலாச மரங்களின் கீழேதான் மதியச் சாப்பாடு. 1.30க்குப் பைகளை, பிலிம் தீர்ந்த கேமராவையும் சேர்த்து, அங்கேயே போட்டுவிட்டு எல்லோரும் மறுகுன்றில் ஏறினார்கள். கீழே தங்கியது மூன்றே பேர். ஒவ்வொருவராக அவர்களிடம் கேட்டார்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தூங்கினேன்" என்றார் கோமதிநாயகம். "என்னையே சந்தேகப்படறீங்களா?"

"தனசீலா, நீ?"

"மரத்தடியில உக்காந்திருந்தேன், பாய்." அவன் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். தரையைப் பார்த்தே பேசினான்.

"லூசியம்மா?"

"ஏனம் கழுவுனேன், பாய்" என்றாள் அவன் மனைவி. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மூடியைத் துணியால் கட்டிய பெரிய தூக்குச்சட்டி.

புதன்கிழமை தவக்காலம் பிறக்கிறது, அதற்கு முன்னால் ஒரு கறிச்சோறு என்று விடியற்காலையில் எழுந்து எல்லோருக்கும் ஆக்கிக் கொண்டுவந்தவள். சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ஜெயினுலாப்தீன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாலை 5.05. "எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. தனசீலா, நீயும் போ."

சபுராவையும் லூசியம்மாளையும் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"லூசியம்மா, காலையில ரயில்ல என்ன சொன்ன? வரும்போது மூணு சட்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிரும், ஒத்தக் கைய வீசிட்டு வரலாம்னு சொன்னேல்லா?"

அவள் தூக்குச்சட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"அந்த அடுக்கு என் கடையில வாங்கினது. சின்னதும் நடுவுல உள்ளதும் பையில கெடக்கு. கழுவிக் காஞ்ச பெருசு மட்டும் ஏன் தனியா, வாயைக் கட்டிக்கிட்டு வருது? நீதான் எடுத்திருக்க."

லூசியம்மாள் கட்டை அவிழ்த்தாள். துண்டில் பொதிந்து, பச்சைப் பிள்ளை போல உள்ளே இருந்தது கேமரா.

"ஏன் அக்கா?" சபுராவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உன் கையால போட்ட சோறத் தின்னுட்டுத்தானே மலையேறினேன். என் பொழப்பு போயிருந்தா?"

"தப்புதாம்மா. சாப்பிடும்போது சொன்னியே, எங்க வீட்டுக்காரரு சிரிச்ச படத்தப் பெருசாக்கி கடை ஜன்னல்ல மாட்டப் போறேன்னு. அவிய சூப்பர்வைசர் தெனமும் அந்த வழியாத்தான் போறாரு. முதுகுவலின்னு லீவு போட்டவன் மலையில நிக்கான்னு தெரிஞ்சா வேலை போயிரும்."

"முதுகுவலி இல்லையா?"

"பக்கத்து மிஷின்ல நின்னவன் அவிய கண்ணு முன்னால செத்தான். அன்னையிலேருந்து தூக்கமில்ல, பேச்சில்ல. பயத்துக்குச் சர்டிபிகேட் கேட்டா யாரு ஒத்துக்கிடுவா? டாக்டர் முதுகுவலின்னு எழுதினாரு. நாலு மனுசரோட நடந்தா தெளிவாரேன்னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன். பிலிம அங்கேயே உருவிருப்பேன், தொறக்கத் தெரியல. ராத்திரி எப்படியாவது உருவிட்டு, விடியுமுன்ன கேமராவ உங்க வீட்டு வாசல்ல வச்சிரலாம்னு நெனச்சேன்."

"பிலிம உருவினா மொத்தப் படமும் போயிருமே, அக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சபுரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தானே கழுவப் போறேன். அந்த ஒரு நெகட்டிவை மட்டும் வெட்டிக் கிழிச்சுப் போட்டுர்றேன்."

"வேண்டாம்மா." லூசியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "கிழிக்காத. எனக்கு மட்டும் ஒரு சின்னப் படம் போட்டுத் தா. மூணு மாசத்துல அவிய சிரிச்சது அந்த ஒரு வாட்டிதான்."

சபுரா தலையாட்டினாள்.

மாலை 5.20. டீ குடித்தவர்கள் திரும்பினார்கள்.

"கிடைச்சிட்டுது" என்றார் ஜெயினுலாப்தீன். "பை மாறிப் போச்சு, அவ்வளவுதான்."

"அப்போ கல்லு?" என்றார் கோமதிநாயகம்.

"அது என் பேரனுக்கு." கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டை ஒருபக்கம் தொங்கிப் போயிற்று. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

லூசியம்மாள் சின்னதை நடுச்சட்டியில் விட்டு, இரண்டையும் பெரியதற்குள் இறக்கிப் பையில் வைத்தாள். ரயில் வந்தது. காலியான மறு கையால் தனசீலனின் கையைப் பிடித்து ஏற்றினாள்.