பலகை மாட்டிய என்ஜின்கள்

ஓடுகிற என்ஜினில் அந்தப் பலகை தொங்கக் கூடாது.

கிளெக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை மறுபடியும் விளக்கடியில் பிடித்தார். கறுப்பு வெள்ளைப் படம். பதினொரு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தின் நட்டநடுவில் ஒரு நீராவி என்ஜின் பாய்கிறது. கழுவி வருஷக்கணக்கான உடம்பு, துருவும் சுண்ணாம்புக் கறையும் வழிகிறது, புகை பெட்டிகளின் முதுகில் படுத்துக் கிடக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் முன்பக்கத்தில், விளக்கு மாட்டுகிற கொக்கியில், ஒரு சதுரத் தகடு தொங்குகிறது. படத்தில் அது கறுப்பு. நிஜத்தில் சிவப்பு. வெள்ளை எழுத்தில் 'நகர்த்தாதே' என்று எழுதியிருக்கும். அடியில் ஆள் இறங்கி வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். மாட்டினவன்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. நாற்பத்தொரு வருஷம் ரயிலில் கிடந்தவர் கிளெக். அதை மாட்டிக்கொண்டு எவனும் அறுபது மைல் வேகத்தில் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை.

படம் எடுக்கிறவனை நம்பக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஏதோ தில்லுமுல்லு என்று படத்தைக் குப்புறப் போட்டார்.

செருப்புப் பெட்டி நிறையப் படங்கள், மொத்தம் எண்பத்து இரண்டு. பார்ஜிட்டர் என்கிற பல் வைத்தியர் எடுத்தவை. நீராவி என்ஜின்களை ஒழித்துக்கட்டிய அந்தக் கடைசி இரண்டு வருஷம் அந்த மனுஷன் ஞாயிறு தவறாமல் லோகோ ஷெட்டுக்கு வருவார். அவரைப் போலவே இன்னும் நாற்பது பேர் வருவார்கள், சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி, கழுத்தில் கேமராவோடு. ஷெட் ஆட்களுக்குத் துக்கப்படவெல்லாம் தெம்பில்லை. பாதிப் பேர் வேலையை விட்டுப் போயாயிற்று, மீதிப் பேர் இரண்டு ஆள் வேலையைச் செய்து, நின்றபடியே தூங்கினார்கள்.

பார்ஜிட்டர் போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனார். அவருடைய மகள் ஜாய்ஸ், பள்ளிக்கூட டீச்சர், திங்கட்கிழமை வந்து பெட்டியைக் கொடுத்தாள். அப்பா படங்களைப் புத்தகமாகப் போடப் போகிறாளாம். எந்த என்ஜின், எந்த இடம் என்று பின்பக்கம் பென்சிலால் குறித்துத் தர வேண்டுமாம். வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வாளாம். வாசல்வரை போனவள் திரும்பி, "உங்களத்தான் கேக்கணும்னு அப்பா சாகுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாரு ஐயா" என்றாள்.

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. என்னை ஏன்?

ஏன் என்று கிளெக்குக்குத் தெரியும். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டதும் உதவி செய்ய அல்ல. உள்ளே ஒரு படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது வெளியே போகக் கூடாது.

இன்று வியாழன். ஜனவரி மாதம், மணி மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் செத்துவிட்டது. சமையலறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நிலக்கரி இப்போதெல்லாம் கல்லும் மண்ணுமாக வருகிறது, வெடித்து வெடித்து எரிந்தது. பெண்டாட்டி விட்டுப்போன கனத்த மேஜைத்துணி நாலு பக்கமும் தரைவரை தொங்கியது. அதன்மேல் படங்களை வரிசை வரிசையாகப் பரப்பினார். இரண்டாவது பலகை ஒரு சரக்கு வண்டியில் இருந்தது, மேட்டில் மூச்சிரைத்து ஏறுகிற வண்டி. மூன்றாவது ஒரு சுரங்க வாயில். அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். திங்கட்கிழமை ஒருமுறை பார்த்தபோது இந்தப் பலகைகள் இல்லை. அவர் கண் அவ்வளவு மோசமில்லை. தேநீர் போட எழுந்து, தண்ணீர் கொதிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, கோப்பையோடு திரும்பி வந்தார். ஒன்று பாக்கியில்லாமல் எல்லா என்ஜினிலும் பலகை தொங்கியது.

அப்போதுதான் பெட்டியின் அடியில், அட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் படம் நகத்தில் தட்டுப்பட்டது.

அவர் பயந்த படம். அறுபத்தெட்டு ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை. ஷெட் வாசல். என்ஜின் பாதி நிழலில் நிற்கிறது. கொக்கியில் பலகை. அதை நோக்கிக் கை நீட்டியபடி தொப்பியோடு ஒரு ஆள். கிளெக்.

அன்றைக்குப் பதினாலு மணி நேரம் வேலை பார்த்திருந்தார். பார்ஜிட்டர் வந்து கெஞ்சினார். முன்னால் அந்தத் தகடு அசிங்கமாகத் தொங்குகிறது, அதை எடுத்துவிட்டு என்ஜினை ஆறடி முன்னால் வெயிலுக்குக் கொண்டுவந்தால் நல்ல படம் கிடைக்கும் என்றார். அந்த மாதங்களில் பலகைக்கு மரியாதை போய்விட்டிருந்தது. செத்த என்ஜினில் மாட்டியது மாட்டியபடி வாரக்கணக்கில் தொங்கும், கழற்ற ஆள் இருக்காது. நேற்றையதாக இருக்கும் என்று கழற்றினார். குனிந்து பார்த்து, அடியில் ஆள் உண்டா என்று இரண்டு தரம் குரல் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. முதுகு வலி. குனியவில்லை. மேலே ஏறி, நீராவியை ஒரு மூச்சு திறந்தார்.

என்ஜினுக்கு அடியில், பழுது பார்க்க இறங்குகிற குழியில், ஃபிட்டர் வில்ஃப் இருந்தான். இரண்டு கையும் இயந்திரத்துக்குள் இருந்தன.

விசாரணையில் பலகையே இல்லை என்று சொன்னார். பல் வைத்தியர் வாயைத் திறக்கவில்லை. பலகை மாட்டாமல் இறங்கியது இறந்தவனின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்தார்கள். என்ஜின் முன்னால் வந்ததும் வெயிலில் பார்ஜிட்டர் எடுத்த இரண்டாவது படம் பத்திரிகையில் வந்தது. புத்தகத்துக்கும் அதுதான் அட்டைப்படமாம்.

இப்போது கையில் இருக்கிற முதல் படத்தில், முன்பக்கம் மோதலைத் தாங்குகிற பஃபருக்குக் கீழே, தண்டவாளங்களுக்கு நடுவில், ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. ஃபிட்டர் விளக்கு. அன்றைக்கு வெளிச்சம் ஏதும் தெரியவில்லை என்று ஏழு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தலையைச் சாய்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

கதவு தட்டப்பட்டது. படத்தைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு போனார்.

எட்னா. வில்ஃபின் பெண்டாட்டி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கையில் மூடி போட்ட கிண்ணம்.

"கதவத் தெறக்க இம்புட்டு நேரமா? போய்ச் சேந்துட்டீரோன்னு நெனச்சேன்."

"போனா சொல்லி அனுப்புறேன்."

"குடலு, வெங்காயம் போட்டு வேக வச்சது. சுடவச்சுத் தின்னும். அப்பிடியே வச்சிருந்து பூனைக்குப் போடாதீரும், போன தடவ மாதிரி."

உள்ளே வந்து கிண்ணத்தை அடுப்படியில் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை. மேஜையைப் பார்த்தாள். டீச்சரம்மா புத்தகம் போடுகிற சேதி ரொட்டிக் கடையில் காதில் விழுந்ததாகச் சொன்னாள். வீட்டில் வில்ஃபின் கல்யாணப் படம் ஒன்றைத் தவிர வேறில்லை, அதிலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்றாள். படங்களின் பக்கம் குனிந்து, ஒன்று ஒன்றாகப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அவளுக்கு என்ஜினைத் தெரியாது.

"அண்ணே, அவரு இதுல எங்கயாச்சும் இருக்காரா?"

"இல்ல எட்னா."

"காலு தெரிஞ்சாக்கூடப் போதும். பூட்ஸ வச்சே கண்டுபிடிச்சிருவேன்."

"எல்லாத்தையும் பாத்துட்டேன். இல்ல."

அவள் கையுறையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "வெளிய போறப்போ கதவப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்குற மனுஷன் அவரு. பலகை மாட்டாம எறங்குனாருன்னு எழுதிட்டாங்க. நான் அதத் தெனம் படிச்சிக்கிட்டுக் கெடக்கேன். யாராச்சும் ஒருத்தர் மாட்டிருந்துச்சுன்னு சொன்னாப் போதும்ணே. காசு பணம் ஒண்ணும் வேணாம். நான் நிம்மதியாத் தூங்குவேன்."

சட்டைப் பையில் படத்தின் ஓரம் நெஞ்சில் குத்தியது. சொல்லிவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் அலுப்பாக இருந்தது. எழுபத்தொரு வயசு. ஆனாலும் மனுஷன் கோழை.

"நான் பாக்கல எட்னா" என்றார்.

"சரி" என்றாள் அவள். "குடல மறந்துராதீரும்."

அவள் காலடி தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு கணப்பின் முன் உட்கார்ந்து படத்தை உள்ளே போட்டார். அது உடனே எரியவில்லை. ஓரம் சுருண்டு பச்சையாய் ஒரு சுடர் கிளம்பியது. தொப்பி போயிற்று, நீட்டிய கை போயிற்று, குழியின் வெளிச்சம் போயிற்று. பலகை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்று, பிறகு ஒரேயடியாக உதிர்ந்தது. காகிதம் எரிகிற வாடை வரவில்லை. சூடான எண்ணெயும் நனைந்த சாம்பலும் கலந்த வாடை வந்தது. கையைக் கழுவினால் போகும், சட்டையைத் துவைத்தால் போகும், தலையணையிலிருந்து மட்டும் போகவே போகாது என்று அவர் பெண்டாட்டி நாற்பது வருஷம் திட்டிய அதே வாடை.

பின்னால் மேஜையில் ஒரு சத்தம். இரும்பு இரும்பைத் தொட்ட சத்தம், சின்னதாக. பஃபர் பஃபரில் மோதினால் அப்படித்தான் கேட்கும்.

திரும்பிப் பார்த்தார். எண்பத்து இரண்டு படங்கள். எதிலும் பலகை இல்லை. ஒன்றில்கூட இல்லை. அப்பாடா என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொலைந்தது என்று நினைத்தார்.

பிறகு பாலத்துப் படத்தைப் பார்த்தார். முன்பு என்ஜின் பாலத்தின் நடுவில் இருந்தது. இப்போது பாலத்தில் கடைசிப் பெட்டி மட்டும் இருந்தது.

இன்னொரு படத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நின்ற என்ஜின் தொட்டியைத் தாண்டியிருந்தது. மேட்டில் ஏறிய சரக்கு வண்டி உச்சிக்குப் போயிருந்தது. சுரங்க வாயில் காலி, புகை மட்டும். அவர் பார்க்கும்போது ஒன்றும் அசையவில்லை. அடுத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முந்தையது கொஞ்சம் நகர்ந்திருந்தது.

மறுபடி அந்தச் சத்தம். ஒன்றை அடுத்து ஒன்றாக, வரிசையாக. நீண்ட வண்டி இழுபடும்போது கொக்கிகள் இறுகுகிற சத்தம். மேஜை அதிர்ந்தது. ஒரு படம் வழுக்கி, துணியின் ஓரத்தில் தயங்கி, கீழே விழுந்து மேஜைக்கடியில் போய்விட்டது.

நாலு மணிக்கு அந்தப் பெண் வந்து எண்ணிப் பார்ப்பாள். ஒன்று குறைந்தால் கேட்பாள்.

முனகிக்கொண்டே மண்டியிட்டார். துணியைத் தூக்கி மேஜைக்கடியில் நுழைந்தார். துணி பின்னால் விழுந்தது. இருட்டு. தரைக்கல் ஈரமாக இருந்தது, அன்றைக்கு அவர் அதைக் கழுவவேயில்லை. தடவித் தடவிப் படத்தைப் பிடித்தார். துணியின் கீழ்விளிம்பில் கணப்பின் சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருப்பினார்.

அட்டைப்படம். வெயில் பளீரென்று அடிக்கிற ஷெட் வாசல். தண்டவாளம் இருந்தது. குழி இருந்தது.

என்ஜின் இல்லை.

பிடரியில் ஏதோ சொட்டியது. வெதுவெதுப்பாக. தொட்டார். எண்ணெய்.

வெளியே போக வேண்டும். தலையைத் தூக்கினார். மண்டை இடித்தது. மரம் அப்படிச் சத்தம் போடாது. மேஜை அவ்வளவு தாழ்வும் இல்லை. நீராவி கசிகிற சீறல் மிக அருகில், காதுக்கு மேலேயே கேட்டது. தோள் இரண்டு பக்கமும் எதிலோ உரசியது. சூடாக இருந்தது.

வாசற்கதவு தட்டப்பட்டது. "ஐயா, நான் ஜாய்ஸ். இருக்கீங்களா?"

"ஆளு இருக்கேன்" என்றார் கிளெக். சீறலில் குரல் அமுங்கியது. இன்னொரு தரம். "அடியில ஆளு இருக்கேன்."

கதவு திறக்கிற சத்தம். அவள் காலடி மேஜைவரை வந்தது. நின்றது. குனியவில்லை.

"அட, எல்லாத்தையும் அழகா எடுத்து வச்சிருக்காரு" என்றாள் தனக்குத்தானே.

எதையாவது பிடித்து எழுந்தாக வேண்டும். இருட்டில் வலது கையை மேலே செலுத்தினார். நல்ல பிடி கிடைத்தது. உருண்டை. கனம். எண்ணெய் வழுக்கியது. மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

தலைக்கு மேலே யாரோ ஒரு மூச்சு நீராவி திறந்தார்கள்.

அவர் உள்ளங்கைக்குள் சக்கரத்தின் அச்சு மெல்லச் சுழல ஆரம்பித்தது.