வலது முன்பக்கத் தட்டு

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். பட்டறையை இழுத்து மூடினாலும் போட மாட்டேன்."

வந்தவள் உட்காரக்கூட இல்லை. பழைய கார்களின் அடிச்சட்டமான சேஸிஸில் பல வருஷமாக ஏறி இறுகிய கிரீஸையும் அழுக்கையும் சுரண்டி எடுப்பது அவள் தொழில். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவள் மேஜைமேல் வீசிய தாளில் ஒரு மன்னிப்புக் கடிதம் டைப் அடிக்கப்பட்டிருந்தது: 'என் கவனக்குறைவால் சேஸிஸ் எண் அழிந்துவிட்டது.'

துப்பறிவாளர் அதைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தூங்கலைம்மா, யோசிக்கிறார்," என்றான் அவருடைய மச்சினன். "இதைப் பார்த்து எங்கக்கா கல்யாணத்தன்னிக்கே பயந்துட்டா. நீங்க சொல்லுங்க."

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் பழைய காரைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். வலது முன்பக்கக் கிரீஸை வழித்ததும், காரின் அடையாளமாக இரும்பில் பொறித்த எண் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. அவளே போன் செய்து சொன்னாள். வந்தவர், அவள்தான் தேய்த்து அழித்துவிட்டாள் என்று கத்தினார். பழைய கார் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சாயங்காலத்துக்குள் கையெழுத்து வராவிட்டால், இனி ஒரு காரும் அவள் பட்டறைக்கு வராது.

"சொல்லாம மறைச்சிருக்கலாம். சொன்னேன். அதுக்குக் கெடச்ச மரியாதை இது."

"நஷ்டஈடு கேக்கலையா?" துப்பறிவாளர் முதன்முறையாக வாய் திறந்தார்.

"ஒண்ணும் வேணாமாம். கையெழுத்து மட்டும் போதுமாம். பெருந்தன்மையாம்!"

மறுபடி ஜன்னல். வெகுநேரம் கழித்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

பட்டறையில் அந்தக் கார், மேல்கூடு கழற்றப்பட்டு, நான்கு கட்டைகளின் மேல் எலும்பும் அச்சுமாக நின்றது. சுரண்டிய அழுக்கு, எங்கிருந்து விழுந்ததோ அதற்கு நேர் கீழே தனித்தனித் தட்டுகளில் கிடந்தது.

"வண்டி வெளிய போற வரைக்கும் கொட்ட மாட்டேன்," என்றாள் அவள். "வாஷர், திருகாணி எல்லாம் அழுக்கோட வந்துடும். அப்புறம் எங்க போய்த் தேடறது?"

மச்சினன் பின்பக்கத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். கிரீஸும் புழுதியும் சேர்ந்து ஓடுபோல இறுகியிருந்தது. அடியில் ஒரு போல்ட் தலையின் ஆறு மூலைகளும் அச்சாகப் பதிந்திருந்தன. "அத்தான், பல் செட் எடுக்க அச்சு எடுத்த மாதிரி இருக்கு!" என்று கையைத் தட்டிக்கொண்டு, வலது முன்பக்கத் தட்டிலும் விரலை விட்டான். அடுத்த கணம் அலறினான். "ஐயோ, புதுச் சட்டை!"

சட்டை நெடுகக் கறுப்பு வரி.

"பின்பக்கத் தட்டுல இருந்தது ஒட்டலையே," என்றார் துப்பறிவாளர்.

"உங்களுக்கென்ன, அக்காகிட்ட திட்டு வாங்கப்போறது நான்தானே?"

ஜவுளிக்கடைக்காரர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுக் கார் கொட்டகையை அவருடைய அண்ணி திறந்துவிட்டார். கணவரை இழந்தவர்.

"ரெண்டு கார் நின்ன இடம்," என்றார் அவர். "அண்ணன் தம்பிக்கு ஒரே மாதிரி, ஒரே நிறம். எங்க வீட்டுக்காரரோடது துருப்பிடிச்சுப் போச்சுன்னு இரும்புக் கடைக்குப் போட்டுட்டாராம் தம்பி. நான் அப்போ மகள் வீட்டுல இருந்தேன். கடைசியா ஒரு தடவை தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கலை."

மச்சினன் மூலைக் குப்பையைக் கிளறினான். உள்ளங்கை அகலத்தில் கெட்டியான ஒரு கிரீஸ் துண்டு கிடைத்தது. துப்பறிவாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "நீங்களும் பட்டறைக்கு வரணும்மா."

சாயங்காலம் ஜவுளிக்கடைக்காரர் பட்டறைக்குள் நுழையும்போதே கேட்டார்: "என்னம்மா, பேனா இருக்கா, அதையும் நானே தரணுமா?" பிறகுதான் அண்ணியைப் பார்த்தார்.

"இவங்க தேய்க்கலை," என்றார் துப்பறிவாளர். "வண்டி முழுக்கக் கிரீஸ் கல்லா இருக்கு. நம்பர் இருந்த இடத்துல மட்டும் குழம்பா இருந்திருக்கு. என் மச்சினன் சட்டையே சாட்சி. நம்பரை நீங்களே அழிச்சு, புதுக் கிரீஸைப் பூசி, மேல புழுதியைத் தூவி அனுப்பியிருக்கீங்க."

"என் கார் நம்பரை நான் எதுக்கு அழிக்கணும்?"

"நஷ்டஈடு வேணாம், கையெழுத்து போதும்னா, உங்களுக்கு வேண்டியதே அந்தக் கையெழுத்துதான். பட்டறையில தவறுதலா அழிஞ்சதுன்னு இவங்க எழுதிக் கொடுத்துட்டா, அதைக் காட்டி உங்க கார் நம்பரை இதுல புதுசா அடிச்சுக்கலாம். இது உங்க கார் இல்லையே."

ஜவுளிக்கடைக்காரர் சிரித்தார். "பழைய நம்பர்தான் இல்லையே. எப்படி நிரூபிப்பீங்க?"

துப்பறிவாளர் கைக்குட்டையைப் பிரித்தார். "அழிக்கறதுக்கு முன்னாடி, நம்பர் மேல இருந்த பழைய கிரீஸைப் பெயர்த்துக் குப்பையில போட்டிருக்கீங்க. போல்ட் தலையை அச்சுப் பிடிச்ச கிரீஸ், நம்பரை மட்டும் விட்டுவைக்குமா?"

கை கழுவும் இடத்தில் ஊறிக் கிடந்த சோப்புக் கட்டியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் அந்தத் துண்டை மெல்ல அழுத்தி எடுத்தார். துண்டில் இடவலம் மாறிப் புடைத்திருந்த எண்கள் சோப்பில் நேராகப் பதிந்தன.

"கடைசி நாலுதான் தெரியுது," என்று குனிந்தான் மச்சினன். "ஏழு, ஒண்ணு, ஒண்ணு, நாலு."

அண்ணி குனிந்து அந்த எண்களைத் தொட்டுப் பார்த்தார். "அது என் பெட்டிப் பூட்டைத் திறக்கற நம்பர். எங்க வீட்டுக்காரர் வெச்சுக் கொடுத்தது. மறந்துபோனா என் காருக்கு அடியில படுத்துப் பாருன்னு கிண்டல் பண்ணுவார்." பிறகு நிமிர்ந்தார். "இரும்புக் கடைக்குப் போனது யாரு காரு, தம்பி?"

ஜவுளிக்கடைக்காரர் அண்ணியைப் பார்க்காமல் பட்டறைக்காரியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"பெருசு பண்ண வேணாம்மா. அந்தப் பேப்பரைக் கொடு, கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காதீங்க." அவள் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். "பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. இந்த அம்மா பேருக்கு ஒரு மன்னிப்பு, என் பேருக்கு ஒண்ணு. நீங்க எழுதுங்க."

பேனாவை நீட்டினாள். அது முழுக்கக் கிரீஸ். துடைத்துக் கொடுக்கவில்லை.