ஆறாவது மாடியின் புதுத் தரை

காலை 8.40. ஆறாவது மாடி மாதிரி வீட்டின் உள்ளறை அலமாரியைத் திறந்தார் பொறியாளர். பச்சைக் கோப்பு இல்லை.

ஒவ்வொரு மாடியின் கான்கிரீட் சோதனை முடிவும் அசல் கையெழுத்தோடு அதில் இருந்தது. கட்டடம் பலவீனமானது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. கோப்பைக் காட்டாவிட்டால் கட்டடத்துக்குச் சீல். சைட்டில் வெயிலில் நின்று தொடங்கி, பதினாறு வருடம் கழித்து அவர் சொந்தமாகக் கட்டிய முதல் அடுக்குமாடி அது.

9.15. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கொஞ்சம் தொப்பை, நிறையப் பொறுமை. தரைத்தள அலுவலகத்தில் விசாரணை தொடங்கியது.

“ஃபைலைக் கடைசியா எப்போ பார்த்தீங்க மேடம்?”

“நேத்து பன்னிரண்டு மணிக்கு. நானே உள்ளே வெச்சு, வாசல் கதவைப் பூட்டினேன்.”

“சாவி?”

“ரெண்டு. ஒண்ணு சூப்பர்வைசர்கிட்ட. இன்னொண்ணு இந்த மேசையில.”

சூப்பர்வைசர் சிடுசிடுப்பானவர். “இவங்க வர்றதுக்கு முன்னாடியே பத்து வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன் சார். இன்னிக்கு மேடம் கார்ல வர்றாங்க, நான் பஸ்ல தொங்கறேன்.”

“அதனால எடுத்தீங்களா?”

“வயித்தெரிச்சல் இருக்கு, மறைக்கல. ஃபைல் என்கிட்ட இல்லை.”

அடுத்து, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரின் கணவர். அவரும் பொறியாளர்தான்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. நான் முதல் ரேங்க், இவ ரெண்டாவது” என்றார். யாரும் கேட்கவில்லை.

“நேத்து மேல போனீங்களா?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஃபைல் இருந்துச்சு. அப்புறம் பல் டாக்டர்கிட்ட போயிட்டேன். அதுக்கப்புறம் சாவி யார் பாக்கெட்ல இருந்துச்சுன்னு நீங்களே பாருங்க.”

சூப்பர்வைசர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னிக்கு?”

“இன்னும் மேல போகல. இவ போன் பண்ணினதும் நேரா ஆபீஸுக்குத்தான் வந்தேன்.”

9.50. சப்-இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஆறு மாடி ஏறினார். வாசல் கதவிலிருந்து உள்ளறை வரை கூடம் முழுக்கப் புது டைல்ஸ். உள்ளறைக்குப் போக வேறு வழியில்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி.

“நடக்கலாமா?” என்று டைல்ஸ் போடுபவரிடம் கேட்டார்.

“இப்போ நடக்கலாம் சார். நேத்துன்னா கத்தியிருப்பேன். மதியம் ஒரு மணிக்கு சூப்பர்வைசர் கதவைத் திறந்துவிட, உள்ளறை வாசல்ல ஆரம்பிச்சு, பின்னாடியே நகர்ந்து நகர்ந்து, நாலரைக்கு இந்தக் கதவுகிட்ட முடிச்சேன்.”

“ஈரத்துல யாராவது மிதிச்சிருந்தா?”

“கல்லு அமுங்கிடும். பூனை போனாக்கூட எனக்குத் தெரியும்.”

சப்-இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தார். ஒளி தடங்கலின்றி எதிர்ச்சுவர் வரை ஓடியது. ஒரு கல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

“எங்க வீட்டுல நான் மறந்துபோய் மிதிச்சேன். சம்சாரம் ரெண்டு நாள் பேசல” என்றபடி எழுந்தார்.

10.20. அலுவலகத்தில் கணவரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அஞ்சு மணிக்கு அலமாரி வரைக்கும் எப்படி சார் போனீங்க?”

“இது என்ன கேள்வி? நடந்துதான்.”

“பறந்து போனேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நாலரைக்குத்தான் கூடத்துல கடைசிக் கல்லு போட்டிருக்காங்க. நீங்க நடந்திருந்தா தரை காட்டிக் கொடுத்திருக்கும். அஞ்சு மணிக்கு நீங்க எதையும் பார்க்கல. புதுத் தரை போட்டதே உங்களுக்குத் தெரியல. அப்போ அதுக்கு முன்னாடி, பன்னிரண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல, இந்த மேசைச் சாவியை எடுத்துட்டுப் போய் ஃபைலைத் தூக்கிட்டீங்க. பழி சூப்பர்வைசர் தலையில விழணும்னுதான் அஞ்சு மணிக் கதை. காரைத் திறக்கறீங்களா?”

கணவர் கார் சாவியை மேசைமேல் வைத்தார். கார் டிக்கியில், கம்பளிக்கு அடியில் பச்சைக் கோப்பு இருந்தது.

“மொட்டைக் கடிதம்?”

“நான்தான். வாசல் போர்டுல இவ பேர் மட்டும். எங்க போனாலும் ‘மேடம் வீட்டுக்காரரா’ன்னு கேக்கறாங்க. முதல் ரேங்க் நான் சார்.”

10.50. வெளியே ஆய்வுக் குழுவின் வண்டி வந்து நின்றது. பொறியாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நேத்து டைல்ஸ் போடறாங்கன்னு என்கிட்ட யாருமே சொல்லல” என்றார் கணவர். “இங்க எனக்கு யார் எதைச் சொல்றாங்க?”

பொறியாளர் வாசலில் நின்று திரும்பினார்.

“நான் சொன்னேங்க. நேத்து காலையில, சாப்பிடும்போது. நீங்க அந்த போர்டைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க.”